உர மானியக் காசு எங்கே நிற்கிறது? திருகோணமலை வயற்காரர் பார்க்க வேண்டியவை

விதைப்பு முடிந்து, அரசாங்கம் தரும் உர மானியக் காசு வங்கியில் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் பலர் கமநல சேவை நிலையத்துக்கு (விவசாயிகளின் பதிவைப் பார்க்கும் அரச அலுவலகம்) ஓடுகிறார்கள். அது பிந்திய ஓட்டம். யாருக்கு எவ்வளவு என்பது அந்த நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டிலேயே முடிவாகிவிடுகிறது. ஆவணிக் கடைசியில், முதல் உழவுக்கு முன்பே போய் உங்கள் பெயருக்கு நேரே இருப்பதை வாசித்துப் பாருங்கள்.

போகும்போது அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, காணிப் பத்திரம், கடைசியாகக் கட்டிய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். இடப்பெயர்வில் பத்திரம் தொலைத்த குடும்பங்கள் மூதூர், வெருகல் பக்கம் நிறைய. அரச காணிக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள். தனியார் காணிக்கான உறுதிப் பத்திரம் என்றால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

கணக்கை நீங்களே போட்டு வையுங்கள். 2024/25 பெரும்போகத்தில் (மாரி மழைக்குச் செய்யும் போகம்) நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், ஆகக்கூடியது 2 ஹெக்டேயர் என்று அறிவித்தார்கள்; முதலில் 15,000, பிறகு 10,000 என இரண்டு தடவையாக. நம் ஊர்க் கணக்கு ஏக்கர். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர் என்பதால், அந்த வீதத்தில் ஒரு ஏக்கருக்கு 10,100 ரூபாய் சொச்சம், 3 ஏக்கருக்கு 30,300 சொச்சம். ஐந்து ஏக்கருக்கு மேல் எவ்வளவு செய்தாலும் 50,000தான். தொகை போகத்துக்குப் போகம் மாறும், பழைய வீதத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

காசு குறைந்து வந்தால் முதலில் பரப்பைப் பாருங்கள். மானியம் பத்திரத்தில் உள்ள காணிக்கு அல்ல, அந்தப் போகத்தில் செய்த வயலுக்கு. கந்தளாய்க் குளத்து நீரை நம்பிய வயல்களில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் போகத்துக்கு, எவ்வளவு ஏக்கர் என்பது விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். தண்ணீர் குறைவான வருடத்தில் பாதிக் காணிக்கே அனுமதி கிடைக்கலாம். கூட்டத்துக்குப் போகாதவருக்கு இது கடைசி வரை தெரியாது.

அதிகம் அநியாயம் நடப்பது குத்தகைக்குச் செய்பவருக்கு. உரம் வாங்குவது அவர், பதிவேட்டில் பெயர் காணிக்காரருடையது, காசும் காணிக்காரரின் கணக்குக்கே போகிறது. வாய்ப்பேச்சு இங்கே உதவாது. இன்ன போகம், இத்தனை ஏக்கர், இன்னார் செய்கிறார் என்று காணிக்காரர் கையொப்பமிட்ட கடிதத்தை விதைப்புக்கு முன் நிலையத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். காணிக்காரர் இறந்துவிட்டால் பிள்ளைகள் பதிவை மாற்றும்வரை காசு இழுபடும். மரணச் சான்றிதழோடு உடனே போங்கள்.

வங்கிப் பக்கத்தில் சிக்குவது சின்னச் சின்ன விடயங்கள்: பதிவேட்டில் பழைய ஒன்பது இலக்கமும் எழுத்துமான அடையாள எண், வங்கியில் புதிய 12 இலக்க எண், பெயரின் ஆங்கில எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு விதம், நெடுநாள் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் உறங்கிப்போன கணக்கு. போகம் தொடங்க முன் நூறு ரூபாயாவது போட்டு எடுத்துக் கணக்கை உயிரோடு வைத்திருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் காசு வரவில்லை என்றால், முதலில் நிலையத்தில், பிறகு மாவட்டக் கமநல அபிவிருத்தி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். “எனக்கு ஏன் தரவில்லை” என்று கேட்காமல், “இந்தப் போகத்துக்கு என் பெயரில் பதிந்த பரப்பு எவ்வளவு, கொடுப்பனவுப் பட்டியலில் என் பெயர் உண்டா, எந்தக் கணக்குக்கு எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது” என்று கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றை வாங்காமல் திரும்பாதீர்கள்.