இஸ்ரேல் குறித்த அமெரிக்க வாக்கெடுப்பைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் காங்கிரஸில் இஸ்ரேல்–பாலஸ்தீனம் பற்றி வாக்கெடுப்பு நடந்தால், செய்தியில் பெரும்பாலும் இரண்டு எண்கள் மட்டுமே வரும். அவற்றை வைத்தே யார் எந்தப் பக்கம் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். செனட், பிரதிநிதிகள் சபை இரண்டின் இணையதளங்களிலும் பெயர்வாரிப் பட்டியல் கிடைக்கும். அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மசோதா அல்லது தீர்மானத்தின் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகள். 'எச்' பிரதிநிதிகள் சபை, 'எஸ்' செனட். எச்.ஆர். அல்லது எஸ். என்றிருந்தால் மசோதா; இரு சபைகளும் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்டால் சட்டமாகும். எச்.ரெஸ்., எஸ்.ரெஸ். என்றிருந்தால் சபையின் கருத்து மட்டுமே, அதனால் ஒரு டாலர்கூட நகராது. ஆனாலும் எதிராளியைச் சங்கடத்தில் மாட்டிவிட வசதியான கருவி இதுதான். சியோனிச (யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற கொள்கை) எதிர்ப்பும் யூத வெறுப்பும் ஒன்றே என்று சொன்ன எச்.ரெஸ். 894, 2023 டிசம்பரில் 311–14 என நிறைவேறியது. பட்டியலில் 'ஆம்', 'இல்லை' தவிர மூன்றாவது பிரிவு ஒன்றும் உண்டு: 92 ஜனநாயகக் கட்சியினர் ஆதரவும் எதிர்ப்பும் இன்றி 'பிரசன்ட்' என்று பதிவு செய்திருந்தனர். அப்படிச் செய்யச் சொன்னவர்களில் அதே கட்சியின் யூத உறுப்பினர் ஜெரி நாட்லரும் ஒருவர்.

அடுத்து, எந்த விதியின் கீழ் வாக்கு நடந்தது, மசோதாவோடு வேறு என்ன கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். 2024 பிப்ரவரியில் இஸ்ரேலுக்கு 1,760 கோடி டாலர் தரும் மசோதா 250–180 என்று 'தோற்றது'. வழக்கமான நடைமுறையை நிறுத்திவைத்து நடத்தியதால் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. 430 வாக்குகளில் 287. எதிர்த்த ஜனநாயகக் கட்சியினரில் பலருக்கு இஸ்ரேல் உதவி பிரச்சினையே அல்ல. உக்ரைன் நிதியைக் கழற்றிவிட்டு இதை மட்டும் கொண்டுவந்ததுதான் கோபம். அப்போதைய அதிபர் பைடனும் வீட்டோ செய்வேன் என்றிருந்தார். எதிர்த்த 14 குடியரசுக் கட்சியினரில் சிலரின் வாதம், செலவுக்கு ஈடாக வேறெங்கும் வெட்டு இல்லை என்பது.

அதே ஆண்டு ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை உதவிகளைத் தனித்தனி மசோதாக்களாகப் பிரித்தது. இஸ்ரேல் மசோதா 366–58. எதிர்ப்பில் 37 பேர் ஜனநாயகக் கட்சி, 21 பேர் குடியரசுக் கட்சி. செனட்டிலோ எல்லாம் ஒரே பொட்டலமாகி 79–18 என நிறைவேறியது. அந்த 18ஐ இஸ்ரேல் எதிர்ப்பு என்று எழுதினால் அபத்தம்: 15 பேர் குடியரசுக் கட்சியினர், அவர்களில் பலரின் குறை உக்ரைனும் எல்லைப் பாதுகாப்பும். கட்சிக்குள் இருக்கும் விரிசலை அறிய 58தான் உதவும், 18 அல்ல.

ஆயுத விற்பனையைத் தடுக்கும் எஸ்.ஜே.ரெஸ். (இரு சபைகளும் நிறைவேற்ற வேண்டிய கூட்டுத் தீர்மானம்) வகையில் திசை தலைகீழ். 'ஆம்' என்றால் விற்பனை வேண்டாம் என்று பொருள். 1976ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிச் சட்டப்படி எந்த செனட்டரும் இதற்கு வாக்கெடுப்பைக் கட்டாயப்படுத்தலாம். செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் செய்துவருவது அதுதான். நடப்பதோ பெரும்பாலும் தீர்மானத்தின் மீதான வாக்கே அல்ல, அதைப் பரிசீலிக்கும் செனட் குழுவிலிருந்து வெளியே எடுக்கலாமா என்ற வாக்கு. வென்றாலும் அதிபரின் வீட்டோவைத் தாண்ட இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆகவே இதில் வெற்றி தோல்வியைப் பார்க்காதீர்கள், ஆதரவு எவ்வளவு ஏறியது என்று பாருங்கள்.

ஒரே வகை வாக்குகளை மட்டும் ஒப்பிடுங்கள். சாண்டர்ஸின் தீர்மானங்களுக்கு 2024 நவம்பரில் அதிகபட்சம் 19 ஆதரவு. 2025 ஏப்ரலில் 15. ஜூலையில் ஒன்றுக்கு 27, இன்னொன்றுக்கு 24. இறக்கத்தையும் சேர்த்தே குறியுங்கள். ஜூலையின் 27ஐ நூறால் வகுத்தால் சிறிதாகத் தெரியும். வகுக்க வேண்டியது 47ஆல்: ஜனநாயகக் கட்சியினரோடு, அவர்கள் அணியில் அமரும் சாண்டர்ஸ், ஆங்கஸ் கிங் என்ற இரு சுயேச்சைகளும் சேர்ந்த கணக்கு அது. குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர்கூட அந்த 27 பேரில் இல்லை.