ஆஸ்திரேலியாவைச் சுற்ற கேம்பர் டிரெய்லர்: வாங்கும் முன்

கேம்பர் டிரெய்லர் என்பது காருக்குப் பின்னால் இழுத்துப் போய், தங்கும் இடத்தில் கூடாரமாக விரிக்கும் வண்டி. வாங்கும்போது முதலில் எடையைப் பாருங்கள். கட்டில், அடுப்பு எல்லாம் அப்புறம். டிரெய்லரின் வெறும் எடை டேர். சாமான் ஏற்றியபின் தாண்டக் கூடாத எடை ஏ.டி.எம். (Aggregate Trailer Mass). டேர் 1,150 கிலோ, ஏ.டி.எம். 1,500 என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 350 கிலோதான். 100 லிட்டர் தண்ணீரே அதில் 100 கிலோவை விழுங்கிவிடும். பேட்டரி, ஃபிரிட்ஜ், கேஸ், பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் இடம் வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றி எடை மேடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். காரின் கொக்கியில் இறங்கும் பாரம் டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய 10% இருக்கட்டும். சைக்கிள்களைப் பின்னால் தொங்கவிட்டால் இது குறைந்து, வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அது உண்மையிலேயே ஆபத்து.

இரண்டு நாளுக்கொரு முறை இடம் மாறுபவர்களுக்குக் கெட்டித்தளம்தான் நல்லது; அதாவது டிரெய்லரின் மூடியே விரிந்து கூடாரத்தின் தரையாகும் வகை. கூடாரத்தின் தரையை மண்மேல் விரிக்கும் துணித்தளத்தில் இடம் தாராளம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆணி அடிக்கணும், சேறு துடைக்கணும். விற்பவர் முற்றத்திலேயே நீங்களே விரித்து மடித்துப் பாருங்கள்.

புது கேன்வாஸ் கூடாரத்தை வீட்டிலேயே இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவிடுங்கள். நூல் உப்பி ஊசித் துளைகள் அடைபடும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தையல் வழியே சொட்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலை போல, அலை அலையாக மேடுபள்ளம் விழுந்த மண் பாதைகளில் சக்கர பேரிங் சீக்கிரம் போகும். உதிரி செட்டும் கிரீஸும் கட்டாயம். நிற்கும்போதெல்லாம் டிரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அதைப் பார்க்காமல் நகராதீர்கள். சக்கரம் காருக்கும் டிரெய்லருக்கும் மாற்றிப் போடும்படி இருந்தால் பெரிய நிம்மதி.