தவழும் பாப்பா, கலங்கிய படங்கள்: என் அனுபவம்

பாப்பா தவழ ஆரம்பித்ததிலிருந்து வெளியில் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் கலங்கல். கை, கால் எல்லாம் கோடாக இழுத்திருக்கும். சாயங்கால வெளிச்சத்தில் கேமராவின் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், தானாக 1/60 நொடிக்கு இறங்கிவிடுவதுதான் காரணம். ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் நிறுத்தி, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறன்) ஆட்டோவில் விட்டேன். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் கொஞ்சம் புள்ளி தெரியும். தெரியட்டும், முகம் தெளிவாக இருந்தால் போதும். ஃபோகஸையும் தொடர்ந்து பின்தொடரும் முறைக்கு மாற்றினேன்.

அப்புறம் நிழல். உச்சி வெயிலில் பாப்பா கண்ணைச் சுருக்குவாள், கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். மரத்தடியிலோ இலை இடுக்கு வழியாக முகமெல்லாம் வெள்ளைத் திட்டுகள். சுவர் நிழலின் ஓரம்தான் எனக்குப் பிடித்த இடம். முகம் வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் வானம் பளிச்சென்று இருந்தால் முகம் கறுத்துவிடும், அப்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 கூட்டுவேன்.

நேரத்தை மட்டும் அவள்தான் முடிவு செய்கிறாள். தூங்கி எழுந்து பால் குடித்ததும் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு. நான் தரையில் குப்புறப் படுத்து, அவள் கண் மட்டத்தில் கேமராவை வைப்பேன்; மனைவி எனக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுவாள். லென்ஸ் மூடியை மட்டும் பையில் போட்டுவிடுங்கள். கைக்கு எட்டினால் நேராக வாய்க்குத்தான் போகும்.