ஹிட்ச்கொக்கை எந்தப் படத்தில் தொடங்குவது?

'சைக்கோ'வில் தொடங்காதீர்கள். அந்தக் குளியலறைக் காட்சியை எல்லோரும் எங்கேயாவது பார்த்துத் தொலைத்திருப்பார்கள். அது அதிர்ச்சி, இயக்குநர் ஹிட்ச்கொக்கின் அசல் வித்தை வேறு. ஆபத்து வருவதை நமக்கு முன்கூட்டியே காட்டிவிட்டு, கதையில் மாட்டிக்கொண்டவருக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருப்பார்.

அதைப் பழக 'ரியர் விண்டோ' (1954) தான் சரி. வெள்ளவத்தைத் தொடர்மாடிக்காரருக்கு இந்தப் படத்தை விளக்கவே தேவையில்லை. எதிர்வீட்டுக் குசினியில் என்ன பொரிகிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் நமக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்போம். கால் முறிந்து சக்கரக் கதிரையில் கிடக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் அதே வேலைதான் பார்க்கிறார். கமரா பெரும்பாலும் அவர் அறையை விட்டு நகராது. கிரேஸ் கெலி எதிர்வீட்டுக்குள் புகுந்து தேடுகிற கட்டத்தைக் கவனியுங்கள். ஒரு யன்னலில் அவர். பக்கத்து யன்னலில், நடைவழியில் திரும்பி வருகிற வீட்டுக்காரன். ஸ்டூவர்ட்டால் எழும்பவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. நமக்கும் அதே கதிதான்.

இரவில், லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். கடற்கரைப் பக்கக் கதவைச் சாத்திவிடுங்கள். முற்றத்துச் சத்தங்களை வைத்தே பாதிக் கதை நகர்கிறது, நடுவில் கோச்சி போனால் போச்சு. இயக்குநரும் ஓரிடத்தில் தலைகாட்டுவார், பியானோக்காரர் வீட்டில் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தபடி. பாட்டில்லாத படமா என்று அப்பா முகம் சுளித்தால், அதே 1954இல் பாட்டே இல்லாமல் வந்த 'அந்த நாள்' பற்றிப் பேச்செடுங்கள். பிறகு அவரே கதிரையை இழுத்துப் போடுவார்.

அடுத்தது 'நொட்டோரியஸ்' (1946). விருந்து மண்டபத்தின் உச்சியிலிருந்து கமரா மெல்ல இறங்கி, இங்க்ரிட் பெர்க்மனின் கைக்குள் இருக்கும் ஒரு சாவியில் வந்து நிற்கும். அத்தனை பெரிய கூட்டத்தில் அந்தச் சாவி ஒன்றுதான் முக்கியம்.

இப்போது 'சைக்கோ'வுக்கு (1960) வாருங்கள். குளியலறையை விடுங்கள், அதற்குப் பிறகு வரும் சேற்றுக்குட்டையைப் பாருங்கள். ஒரு கார் மூழ்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. 'போய்த் தொலையேன்' என்று மனம் அடித்துக்கொள்ளும். யாருக்காக அடித்துக்கொள்கிறோம் என்று யோசித்தால்தான் இந்த மனுசன் நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்பது விளங்கும்.

'த பேர்ட்ஸ்' (1963) படத்தில் பின்னணி இசையே கிடையாது. கொழும்புக் காகங்களோடு வாழ்கிறவர்களுக்கு அதுவே போதும்.

'வெர்டிகோ'வை (1958) கடைசிக்கு வையுங்கள். ஆறுதலாக நகரும் படம். முதலிலேயே பார்த்தால் அரைவாசியில் ஃபோனைத் தூக்கிவிடுவீர்கள்.