இனவெறியைப் பற்றிப் பேசத் தொடங்கும் சபைகள் சறுக்கும் இடங்கள்

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் இறந்தார். அதன் பிறகு, அமெரிக்காவில் வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருக்கும் பல சபைகள் இனவெறியைப் பற்றிக் கற்றுக்கொள்ளக் கிளம்பின. வாசிப்பு வட்டம், ஜூம் கூட்டம், சிறப்பு ஜெபம், ஆலய வாசலில் ஒரு பலகை என்று வேகமாக ஆரம்பித்தது. பல இடங்களில் அதே வேகத்தில் ஓய்ந்தும் போனது.

அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். சபையார் மனசுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பேசுவதிலேயே மொத்த நேரமும் போய்விட்டது. சபையின் பணம், பதவி, பிரசங்க பீடம் யார் கையில் இருக்கிறது என்ற பக்கம் யாரும் திரும்பவில்லை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

"எங்கள் சபையில் அதெல்லாம் கிடையாது"

பேச்சை எடுத்த உடனே யாராவது ஒருவர் வேதாகமத்தின் கலாத்தியர் நிருபத்தை எடுப்பார். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை." சரி, வசனம் அருமையான வசனம்தான். ஆனால் பேச்சைத் தொடங்க வேண்டிய வசனத்தைப் பேச்சை மூடுவதற்குப் பயன்படுத்துகிறோம்.

இதே வசனம் இருந்த வேதாகமத்தைத்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்திலும் வாசித்தார்கள். அங்கே முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸை, ஜெபம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் எழுப்பி வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவரும் ரிச்சர்ட் ஆலனும் மற்ற கறுப்பினத்தவர்களும் வெளியேறினார்கள். 1794இல் ஆலனின் பெத்தேல் ஆலயம் எழுந்தது. 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை தனித் திருச்சபையாகவே உருவானது. கறுப்பினத்தவர்களுக்கு ஏன் தனிச் சபைகள் என்று இன்றைக்கும் கொஞ்சம் குறைப்பட்டுக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்.

ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா சபிப்பது கானானை. தோலின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் ஆப்பிரிக்கர்கள் கானானின் தகப்பன் காமின் வம்சம் என்று சொல்லி, இதற்குக் 'காமின் சாபம்' என்று பெயர் வைத்து, அவர்கள் அடிமைகளாக இருப்பது கடவுளின் சித்தம் என்று நூற்றாண்டுகளாகப் பிரசங்கித்தார்கள். 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே ஒரு வேதாகமம் அச்சானது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகிப் புறப்படும் கதை அதில் இல்லை. அதனால் 'நாங்கள் வேதம் வாசிக்கிறவர்கள்' என்பது இந்த நோய்க்குத் தடுப்பூசி ஆகாது.

வேதத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்றால் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் இருக்கிறது. அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் எருசலேம் சபையில் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் 'அன்பு' என்று தலைப்பு வைத்து ஒரு தியானக் கூட்டம் நடத்தவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் செய்து, பந்தி விசாரணையை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் இதைப் படித்தால் தோன்றுகிறது. இந்த ஏழு வசனங்கள் வரைக்கும்கூட இன்னும் பல சபைகள் வந்து சேரவில்லை.

சொந்தப் பதிவேட்டைத் திறக்காமல் இருப்பது

படிப்பு வகுப்பு பொதுவாக நாட்டு வரலாற்றில் தொடங்கும். அடிமைக் கப்பல், உள்நாட்டுப் போர், மார்ட்டின் லூதர் கிங். எல்லாம் தேவைதான். ஆனால் அதெல்லாம் வேறு யாரோ, எங்கோ செய்ததாகவே மனதில் தங்கிவிடுகிறது. ஆலயத்தின் இரும்புப் பெட்டியில் கிடக்கும் பழைய தீர்மானப் புத்தகம்தான் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

வர்ஜீனியாவின் ரிச்மண்டில் உள்ள புனித பவுல் எப்பிஸ்கோப்பல் ஆலயத்தைப் பாருங்கள். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைநகரம் அந்த ஊர். கூட்டமைப்பின் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸும் தளபதி ராபர்ட் லீயும் வழிபட்ட ஆலயம் அது. இனி நகரத்தைக் காப்பாற்ற முடியாது என்ற செய்தி, 1865 ஏப்ரல் 2 ஞாயிறு ஆராதனையில் அமர்ந்திருந்த டேவிஸின் கைக்கு வந்தது. பின்னாளில் இருவர் நினைவாகவும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வைத்தார்கள். 'கூட்டமைப்பின் பேராலயம்' என்ற பெயரைப் பெருமையாகவே சுமந்த காலமும் உண்டு. 2015இல்தான் அந்தச் சபை தன் கதையைத் தானே தோண்டத் தொடங்கியது. கட்டியவர்கள் யார், அவர்களின் பணம் எதிலிருந்து வந்தது என்று கேட்டது. ஆலயத்துக்குள் இருந்த கூட்டமைப்புப் போர்க்கொடிச் சின்னங்கள் அகற்றப்பட்டன.

கத்தோலிக்கர்கள் பக்கம் இன்னும் கனமான கணக்கு ஒன்று இருக்கிறது. 1838இல் மேரிலாந்து இயேசு சபைக் குருக்கள் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை லூசியானாத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. விற்றவர்கள் கத்தோலிக்கர்கள், விற்கப்பட்டவர்களும் கத்தோலிக்கர்கள். அதனாலேயே ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் வழியாக வம்சாவளியினரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. 2021இல் இயேசு சபை அந்த வம்சாவளியினரோடு சேர்ந்து உருவாக்கிய அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்களித்தது.

"எங்கள் சபை 1950களில்தான் தொடங்கியது, அடிமைமுறைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லும் புறநகர்ச் சபைகள் நிறைய. அந்தப் புறநகரே எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். 1934இல் உருவான மத்திய வீட்டுக்கடன் காப்புறுதித் திட்டம் கறுப்பினத்தவர்கள் வாழும் பகுதிகளை ஒதுக்கிவைத்தது, வெள்ளையர் குடியிருப்புகளுக்குக் கடனை எளிதாக்கியது. வெள்ளையரல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. நகரத்து ஆலயத்தை விற்றுவிட்டுப் புறநகருக்குப் போன சபைகளும் உண்டு. ஏன் அந்தக் காலத்தில் போனார்கள்? அந்தக் காலத்துக் கமிட்டித் தீர்மானங்களை எடுத்து வாசித்தால் வகுப்பு நடத்த வெளியாள் தேவைப்படாது.

இருக்கிற ஓரிரு கறுப்பினத்தவரை ஆசிரியராக்குவது

சபையில் கறுப்பினக் குடும்பம் ஒன்றே ஒன்று இருக்கும். கூட்டத்தில் எல்லாத் தலைகளும் அவர்கள் பக்கம் திரும்பும். 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.' வேண்டாம். அவர்கள் ஆராதனைக்கு வந்தவர்கள். வெளியிலிருந்து அறிந்தவரை அழைத்தால் அதற்குரிய சம்பளம் கொடுங்கள். பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்தில் மட்டும், பீடத்தைக் கொடுத்துவிட்டு மற்ற பதினோரு மாதம் மறந்துவிடுவதும் இதே வகைதான்.

மன்னிப்புக் கேட்டதும் கோப்பை மூடுவது

தென்மாநில பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்ற திருச்சபை அமைப்பு 1845இல் உருவானதற்கு முக்கியக் காரணம், அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டை. அனுப்பலாம் என்ற தரப்பு பிரிந்து வந்தது. சரியாக 150 ஆண்டு கழித்து, 1995இல், அது கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 2012இல் ஃப்ரெட் லூட்டர் அதன் முதல் கறுப்பினத் தலைவரானார். நல்ல முன்னேற்றம்தான் என்று தோன்றும். ஆனால் 2020 இறுதியில் அதன் ஆறு இறையியல் கல்லூரித் தலைவர்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். இனவெறியைக் கண்டித்த கையோடு, அது சட்டத்திலும் அமைப்பிலும் எப்படி ஊறியிருக்கிறது என்று ஆராயும் ஒரு கல்விக் கோட்பாட்டைத் தங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாதது என்று அறிவித்தார்கள். அறியப்பட்ட கறுப்பினப் போதகர்கள் சிலர் அதோடு வெளியேறினார்கள்.

1995 மன்னிப்பு பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்ட பிறகும், எது இனவெறி, எதைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானிக்கும் நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள்.

இதன் மறுபக்கம், காயப்பட்ட தரப்பிடம் மன்னிப்பை அவசரப்படுத்துவது. 2015 ஜூன் 17 இரவு தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில், கறுப்பினத்தவர்களின் இம்மானுவேல் ஆலயத்தில், வேதபாட வகுப்பில் தங்களோடு உட்கார்ந்திருந்த வெள்ளை இளைஞன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில் இறந்தவர்களின் உறவினர்கள் சிலர் 'உன்னை மன்னிக்கிறேன்' என்றார்கள். நாடே கண்கலங்கியது. பிறகு அதையே உதாரணமாகக் காட்டி, மற்ற கறுப்பினத்தவர்களிடமும் 'நீங்களும் இப்படி இருக்கலாமே' என்று எதிர்பார்ப்பது தொடங்கியது. காயப்பட்டவர் தானாகத் தருகிற மன்னிப்பை, காயப்படுத்தியவரின் தரப்பு நிகழ்ச்சி நிரலில் போடக் கூடாது.

தலைகளை எண்ணித் திருப்திப்படுவது

ஞாயிறு காலை 11 மணிதான் கிறிஸ்தவ அமெரிக்காவில் மிகவும் பிரிந்துகிடக்கும் மணிநேரம் என்று கிங் 1960இல் தொலைக்காட்சியில் சொன்னார். அதன் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எந்த ஓர் இனமும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இல்லாத சபைகளின் விகிதம் 1998இல் 6 சதவீதம், 2019 வாக்கில் 16 சதவீதம் என்று தேசிய ஆய்வு காட்டுகிறது. ஆனால் பெஞ்சில் கலந்து உட்கார்வது வேறு, நிதிக் கமிட்டியில் கலந்து உட்கார்வது வேறு.

சேர்ந்திருந்துகொண்டே பிரித்துவைக்கவும் முடியும். அடிமைமுறைச் சண்டையில் பிரிந்த வடக்கு, தெற்கு மெதடிஸ்ட்கள் 1939இல் ஒன்றானார்கள். ஆனால் மற்ற வட்டாரங்களைப் புவியியல்படி பிரித்தவர்கள், கறுப்பினச் சபைகளை மட்டும் நிறத்தைப் பார்த்து 'மைய வட்டாரம்' என்று தனியாக ஒதுக்கினார்கள். 1968 வரை அது நீடித்தது.

ஜன்னலை மாற்ற எத்தனை வருடம் ஆகும் என்று தெரியாமல் இறங்குவதும் உண்டு. வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் கூட்டமைப்புத் தளபதிகள் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன் நினைவு ஜன்னல்கள் 1953இல் வைக்கப்பட்டவை. அகற்ற வேண்டும் என்ற குரல் 2015இல் எழுந்தது. 2016இல் கொடிச் சின்னம் போனது, 2017இல் ஜன்னல்களே போயின. அந்த இடத்தில் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற கறுப்பின ஓவியரின் ஜன்னல்கள் வந்தது 2023இல். எட்டு வருடம். கமிட்டியின் ஆயுளை ஆறு மாதம் என்று வைத்தால் என்ன ஆகும்?

நன்கொடைக்கும் கடனுக்கும் வித்தியாசம் பார்க்காதது

ஏழைகளுக்கு உதவுவதில் சபைகள் கெட்டிக்காரர்கள். டின் உணவு சேகரிப்பார்கள், கிறிஸ்துமஸுக்குப் பொம்மை கொடுப்பார்கள். இந்த விஷயத்திலும் அதே பழக்கத்தில் இறங்கினால், கொடுப்பவர் மேலேயும் வாங்குபவர் கீழேயும்தான் இருப்பார்கள்.

மாசசூசெட்ஸின் புரூக்லைனில் ஒரு சபை வேறு மாதிரி யோசித்தது. அடிமைகளாக இருந்தவர்கள் இயற்றிய ஞானப் பாடல்களை எல்லாச் சபைகளும் பாடுகின்றன. இயற்றியவர்களுக்கு ஒரு காசு போனதில்லை, பலரின் பெயர்கூடத் தெரியாது. எனவே அந்தப் பாடல்களைப் பாடும் ஞாயிறுகளில் தனிக் காணிக்கை எடுத்து, கறுப்பினப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் பாஸ்டன் அமைப்பு ஒன்றுக்கு ராயல்டியாக அனுப்பத் தொடங்கினார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் 'நாங்கள் பயன்படுத்தினோம், அதற்குரியதைக் கொடுக்கிறோம்' என்ற கணக்கு அதில் தெளிவாக இருக்கிறது. பால்டிமோரின் மெமோரியல் எப்பிஸ்கோப்பல் சபை, தன் தொடக்கக்காரர்களுக்கு அடிமைமுறையோடு இருந்த தொடர்பைத் தேடிக் கண்டபின், ஐந்து ஆண்டுகளில் 5 லட்சம் டாலர் ஒதுக்க 2021இல் முடிவு செய்தது.

நம்மவர்களுக்கென்று ஒரு தவறு

அமெரிக்கச் சபைகளில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கூட்டங்களில் ஒரு வசதியான இடம் உண்டு. நாங்களும் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்கள்தான் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் திருநெல்வேலி வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதியைப் பிரிக்க நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது, அதுவும் சும்மா நடக்கவில்லை, வழக்கு வரை போனது. எறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு, அதாவது தனி ஆலய நிர்வாகம், கேட்ட பிரச்சினை வன்முறையாகி, துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். கிங் 1959இல் கேரளத்துக்கு வந்தபோது ஒரு பள்ளியில் அவரை அமெரிக்காவின் தீண்டப்படாதவர்களில் ஒருவர் என்று அறிமுகம் செய்தார்கள். முதலில் அதிர்ந்ததாகவும், யோசித்தபோது அது உண்மைதான் என்று பட்டதாகவும் பிறகு அவரே பிரசங்கத்தில் சொன்னார். அந்த ஒப்புமை நம்மை எந்தப் பக்கம் நிறுத்துகிறது என்பது நம் குடும்பத்தைப் பொறுத்தது.

போதகரைத் தனியாக விடுவது

1963 ஜனவரியில் மிசிசிப்பியில் 28 வெள்ளை மெதடிஸ்ட் போதகர்கள் இனப் பாகுபாட்டை எதிர்த்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே அந்த மாநிலத்தை விட்டுப் போக நேர்ந்தது. அதே ஜூனில் ஜாக்சன் நகரின் கேலோவே ஆலயத்தில், வாசலில் நின்றவர்கள் கறுப்பின மாணவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பல ஆண்டுகள் அங்கே ஊழியம் செய்த போதகர் செலா, அதனால் பதவி விலகினார். பிரசங்க பீடத்தில் ஒருவருக்குத் தைரியம் இருந்தது, கதவருகே நின்றவர்களிடம் அதிகாரம் இருந்தது.

இன்று அவ்வளவு கடுமை இருக்காது. சில குடும்பங்கள் முகம் சுளிக்கும், ஓரிருவர் வேறு சபைக்குப் போவார்கள், காணிக்கை கொஞ்சம் குறையும். இது எதிர்பாராத விபத்து மாதிரி வந்து விழக் கூடாது. தொடங்கும்போதே நிர்வாகக் குழு உட்கார்ந்து, வருமானம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எந்தச் செலவை வெட்டுவோம் என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். போதகர் பெயரில் மட்டும் போகும் கடிதங்களில் மூப்பர்களும் கையெழுத்துப் போடட்டும்.