நல்ல புக்கு ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டா என்ன சொல்றது, சொன்ன பிறகு எப்படிப் பேசுறது

கோவில்பட்டியில நாங்க ஒரு பன்னெண்டு பதிமூணு பேரு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு மொட்டை மாடியில கூடி புக்கு பேசுறோம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற அக்கா, ரிட்டயர்டு வாத்தியார், செல்போன் ரிப்பேர் கடை பையன், காலேஜ் படிக்கிற ரெண்டு பொண்ணுங்கன்னு எல்லாரும் கலந்துதான் இருக்கோம். எங்க ஊர்லயும் இப்படி ஆரம்பிக்கணும், எப்படின்னு நிறைய பேரு கேக்குறாங்க. கேக்குறவங்களுக்குத் தனித்தனியா சொல்லிட்டு இருந்ததை இங்க ஒரே இடத்துல எழுதிட்டேன்.

மொதல்ல புக்கு சொல்ற விஷயம். ஒருத்தர் வந்து அண்ணே நல்ல புக்கு ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்ட உடனே நமக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அதைத்தான் வாய் சொல்லும், அதை அடக்கணும். அந்த செல்போன் கடை பையன் என்கிட்ட மொதமொத கேட்டப்ப நான் ஆயிரம் பக்கத்துக்கு மேல இருக்கிற காவல் கோட்டத்தைக் கொடுத்து அனுப்பினேன். மதுரை வரலாறு, 2011க்கு சாகித்ய அகாதமி வாங்குன நாவல், இதைவிட என்ன வேணும்னு நெனச்சேன். ஆறு மாசம் கழிச்சு அவன் கடைக்குப் போனா, சார்ஜர் பெட்டிக்கு மேல அந்த புக்கு இருக்கு, உள்ளே ஒரு ரீசார்ஜ் கார்டை அடையாளமா வெச்சிருக்கான், நாப்பத்தி ரெண்டாம் பக்கத்துல. அவன் என்னைப் பாத்ததும் தப்பு பண்ண மாதிரி புக்கைத் துணி போட்டு மூடினான். எனக்கு அதுதான் தாங்கல. புக்கு நல்ல புக்குதான், ஆனா அவன் கையில அந்த நேரத்துல அது இருக்கக் கூடாது.

அதுக்கப்புறம் நான் யாருக்கு புக்கு சொன்னாலும் மூணு விஷயம் கேட்டுட்டுத்தான் சொல்றது. கடைசியா எதை முழுசா முடிச்சீங்க, அது புக்கா இருக்கணும்னு இல்ல, சினிமாவோ வெப் சீரிஸோ வாரப்பத்திரிகை தொடரோ எதுவா இருந்தாலும் சரி. எந்த நேரத்துல படிப்பீங்க, பஸ்லயா, ராத்திரி புள்ளைங்க தூங்கின பிறகா. மூணாவது, இப்ப எதைப் படிக்க வேண்டாம்னு தோணுது. இந்த மூணாவது கேள்வியை விட்டுறாதீங்க. வீட்டுல ஒரு சாவு நடந்து ரெண்டு மாசம் ஆன ஆளுக்கு நாம தெரியாம சாவைப் பத்தின நாவலைக் கொடுத்துட்டா அப்புறம் அவங்க நம்மகிட்ட புக்கே கேக்க மாட்டாங்க.

அந்தப் பையன்கிட்ட இதைக் கேட்டப்ப, அசுரன் படம் நாலு தடவை பாத்தேன் அண்ணே, கடையில ஆள் இல்லாதப்பதான் படிக்க முடியும்னான். அப்ப வெக்கையைக் கொடுத்தேன். 1982ல பூமணி எழுதினது, அவரு நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக்காரரு, அசுரன் அந்த நாவலை வெச்சு எடுத்த படம்தான். ஒல்லியான புக்கு, கொலை பண்ணிட்டு ஓடுற பதினஞ்சு வயசுப் பையனோடயும் அவன் அய்யாவோடயும் காட்டுலயும் கரட்டுலயும் நம்மளும் ஓடுறது. மூணு நாள்ல முடிச்சுட்டு, படத்துல அய்யாதான் எல்லாம், புக்குல பையன்தான் எல்லாம், ஏன்னு கேட்டுட்டு வந்தான், பாருங்க, அவனே ஒரு விவாதத்தை ஆரம்பிச்சு வெச்சுட்டான். அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு அதே காவல் கோட்டத்தை அவனா கேட்டு வாங்கிட்டுப் போனான்.

இதே மாதிரி சென்னையில ரொம்ப நாள் குடியிருந்து குடத்தோட லாரிக்கு நின்ன ஒரு அம்மாவுக்கு அசோகமித்திரனோட தண்ணீர் கொடுத்தேன். ஜமுனா, சாயான்னு அக்கா தங்கச்சி, ஒரு தெரு, அடிபம்பு, அவ்வளவுதான். பெருசா எதுவும் நடக்காத கதைன்னு சிலருக்குத் தோணலாம், அந்தம்மாவுக்கு ஒவ்வொரு பக்கத்துலயும் நடந்துக்கிட்டே இருந்துச்சாம்.

ஒரு தடவைக்கு ஒரு புக்குதான் சொல்லணும். சாகறதுக்குள்ள படிக்க வேண்டிய நூறுன்னு லிஸ்ட் அனுப்பினா எல்லாரும் ஸ்டார் போட்டு வெச்சுப்பாங்க, ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. முடிஞ்சா புக்கையே கையில கொடுங்க, இல்லன்னா கிளை நூலகத்துல எந்த அலமாரியில இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. பிடிஎஃப் அனுப்பாதீங்க. காப்பிரைட்டு இருக்கிற புக்கைத் திருட்டுத்தனமா சுத்த விட்டா, ஏற்கனவே சில நூறு பிரதி விக்கிறதுக்கே அல்லாடுற எழுத்தாளரும் பதிப்பாளரும்தான் அடி வாங்குறாங்க. அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கின, அதாவது யாரு வேணா பதிப்பிக்கலாம்னு பொதுவாக்கின எழுத்தாளர்னா பிரச்சனை இல்ல, பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் தாராளமா இணையத்துல படிக்கலாம்.

கொடுக்கும்போது கதையைச் சொல்லாதீங்க. எந்த இடத்துல உங்களுக்கு மூச்சு நின்னுச்சோ அதை மட்டும் சொல்லுங்க, கூடவே எங்க கஷ்டமா இருக்கும்னும் ஒளிக்காம சொல்லிடுங்க. கி.ரா.ன்னு சொல்ற கி. ராஜநாராயணனோட கோபல்ல கிராமத்தை வெளியூர்க்காரங்களுக்குக் கொடுக்கும்போது நான் எப்பவும் சொல்றது, வட்டார வழக்கு மொதல்ல இடிக்கும், கண்ணால படிக்காதீங்க, ரெண்டு பக்கம் வாய்விட்டு வாசிங்க, காது பழகிட்டா அப்புறம் தானா ஓடும்னு. திருப்பூர்ல இருந்து வந்த ஒரு தம்பி இப்படித்தான் வாசிச்சு முடிச்சான். இதை முன்னாடியே சொல்லாம விட்டா, நமக்குத்தான் புரியலபோலன்னு அவங்களே நெனச்சுக்கிட்டு புக்கை மூடிருவாங்க.

ஒரு நோட்டுப் போட்டு யாருக்கு எந்த புக்கு எந்தத் தேதின்னு எழுதி வெச்சுக்கங்க. கேக்க சங்கடப்பட்டு சங்கடப்பட்டே என் அலமாரியில ஒரு வரிசை காலியாச்சு. இப்ப நோட்டு இருக்கிறதால சங்கடம் இல்ல, நோட்டு கேக்குதுன்னு சொல்லிக்கலாம்.

சரி, இனி பேசுறது. மொத கூட்டத்துக்கு நாவல் வைக்காதீங்க. பாதிப் பேரு முடிச்சிருக்க மாட்டாங்க, முடிக்காதவங்க வெக்கப்பட்டுக்கிட்டு வரவே மாட்டாங்க. ஒரு சிறுகதையை எடுத்து அங்கேயே மாத்தி மாத்தி சத்தமா வாசிங்க, அப்பதான் எல்லாரும் ஒரே இடத்துல இருந்து பேச ஆரம்பிப்பாங்க. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) வீட்டுல கூடின வட்டத்தொட்டிங்கிற ரசிகர் கூட்டத்துலயும் கம்பன் பாட்டை வாய்விட்டுப் பாடி ரசிச்சுப் பேசினதுதான் கூட்டம்.

எந்தக் கதைன்னு கேட்டா, ஜெயகாந்தனோட அக்கினிப் பிரவேசத்துல ஆரம்பிங்கன்னு நான் அடிச்சுச் சொல்வேன். 1966ல ஆனந்த விகடன்ல வந்தது. மழை சாயங்காலம், பஸ் ஸ்டாப்ல நிக்கிற காலேஜ் பொண்ணு, பெரிய கார்ல வந்தவன் ஏத்திக்கிட்டுப் போறான், நடக்கக் கூடாதது நடக்குது, வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்றா. அம்மா மொதல்ல அடிக்கிறா, அப்புறம் தலையில தண்ணியை ஊத்தி, நீ சுத்தமாயிட்டேன்னு சொல்லி ஏத்துக்கிறா. அப்ப வாசகர்கள் பெரிய கொந்தளிப்பு, அந்த அம்மா அப்படிச் செஞ்சிருக்கலாமா கூடாதான்னு. அதுக்கு ஜெயகாந்தன் என்ன பண்ணாருன்னா, சரி, அந்த அம்மா அப்படி ஏத்துக்காம ஊரைக் கூட்டியிருந்தா அந்தப் பொண்ணு என்ன ஆகியிருப்பான்னு ஒரு முழு நாவலையே எழுதினாரு, அதுதான் சில நேரங்களில் சில மனிதர்கள். 1972ல சாகித்ய அகாதமி கெடச்சுது, 1977ல படமா வந்து அதுல நாயகி கங்காவா நடிச்ச லட்சுமிக்கு தேசிய விருது கெடச்சுது. அந்த நாவல்ல கங்கா அக்கினிப் பிரவேசம் கதையையே ஒரு பத்திரிகையில படிக்கிறா. வாசகர்கள் போட்ட சண்டையில இருந்து ஒரு நாவல் பொறந்திருக்கு, புக்கைப் பத்திப் பேசுறது வெட்டிப் பேச்சுன்னு யாராவது சொன்னா எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

எங்க மாடியில அந்தக் கதையை வாசிச்சு முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. முடிஞ்சதும் வாத்தியார், கதையில வர்ற அம்மா பாத்திரத்தைப் புகழ்ந்து அஞ்சு நிமிஷம் பேசினாரு. அப்ப காலேஜ் பொண்ணு ஒருத்தி கேட்டா, அவ மேல தப்பே இல்லன்னா எதுக்கு சார் தண்ணி ஊத்தணும், ஊத்தினாலே அழுக்காயிட்டான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதான்னு. மாடி அமைதியாயிடுச்சு. வாத்தியாருக்கு முகம் மாறிடுச்சு, அந்தக் காலத்துல இதுவே எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமாம்மான்னு கொஞ்சம் குரலை ஒசத்தினாரு. தீப்பெட்டி ஆபீஸ் அக்கா அதுவரைக்கும் வாயே திறக்கல, அவங்கதான் சொன்னாங்க, அண்ணாச்சி கொஞ்சம் இருங்க, அந்தத் தண்ணி ஊத்துற பக்கத்தை இன்னொருக்கா வாசிங்கன்னு. வாசிச்சோம். அப்புறம் அக்கா சொன்னாங்க, அந்த அம்மா கையில வேற என்ன இருந்துச்சு, படிப்பு இல்ல, பணம் இல்ல, புருஷன் இல்ல, தண்ணிதான் இருந்துச்சு, புள்ளைக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லணும்ல, பாப்பா கேட்டதும் சரிதான், ஆனா அந்தத் தண்ணி ஊருக்கு ஊத்தினது இல்ல, புள்ள மனசுக்கு ஊத்தினதுன்னு. காலேஜ் பொண்ணு ஒத்துக்கல, ஒத்துக்க வேண்டிய அவசியமும் இல்ல. ஆனா அடுத்த மாசம் நாவலையும் படிச்சுட்டு வந்தா.

அன்னைக்கு இருந்து எங்க கூட்டத்துக்கு ஒரே சட்டம், எதைச் சொன்னாலும் எந்தப் பக்கம்னு விரல் வெச்சுக் காட்டணும். குரல் ஏறுதுன்னு தெரிஞ்சா யாராவது ஒருத்தர் பக்கத்தைத் திறங்கன்னு சொல்லணும், அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்கணும், பாதிச் சண்டை அங்கேயே அடங்கிடும், மீதிப் பாதி உண்மையான சண்டையா மாறும். எழுத்தாளர் எந்தக் கட்சி, என்ன சாதி, யாரோட ஆளுங்கிற பேச்சு டீ குடிக்கும்போது வெச்சுக்கங்க, புக்கு திறந்திருக்கும்போது வேண்டாம். படிக்காதவங்க கேக்கலாம், ஆனா புக்கு நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லக் கூடாது. பெருமாள்முருகனோட மாதொருபாகன் நாவலுக்கு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும், சில பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துச் சுத்த விட்டு, முழு நாவலையும் பாக்காத ஆளுங்க தெருவுக்கு வந்து, எழுதுறதையே விடுறேன்னு அவரு அறிவிக்கிற வரைக்கும் போச்சு. 2016 ஜூலையில ஹைகோர்ட்டு அவருக்கு ஆதரவா தீர்ப்பு சொன்ன பிறகுதான் அவரு திரும்ப எழுத வந்தாரு.

பட்டிமன்றமா ஆக்கிடாதீங்கன்னும் சொல்வேன். ரெண்டு அணி, ஒரு நடுவர், கடைசியில தீர்ப்புன்னு போனா ஆளுங்க ஜெயிக்கிறதுக்குப் பேச ஆரம்பிச்சிடுவாங்க, நடுவுல மனசு மாற முடியாது. இத்தனைக்கும் மணிமேகலையில வர்ற பட்டிமண்டபத்துலயே, பகையாளியோட பேசினாலும் கோவமும் கலகமும் இல்லாம நடந்துக்கங்கன்னுதான் சொல்லியிருக்கு. எங்க கூட்டத்துல ஒருத்தரை மறுத்துப் பேசுறவங்க, நீங்க சொன்னது இதுதானேன்னு மொதல்ல அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் மறுக்கணும். மொதல்ல செயற்கையா இருக்கும், ரெண்டு மூணு கூட்டத்துல பழகிடும்.

ரொம்பப் பேசுறவங்களைக் கடைசியில பேசச் சொல்லுங்க, மரியாதை குறையாம, நீங்க முடிச்சு வைங்க சார்னு. பேசாதவங்களைப் பேசுங்க பேசுங்கன்னு நெருக்காதீங்க, ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து ஒரு வரி எழுதச் சொல்லுங்க, அதை வேற ஒருத்தர் வாசிக்கட்டும். இதுல நான் ரொம்ப கவனமா இருக்கேன், காரணம் கு. அழகிரிசாமியோட அன்பளிப்பு கதை. அவரும் கி.ரா.வும் பக்கத்துல இருக்கிற இடைசெவல்காரங்க. எல்லாப் புள்ளைங்களுக்கும் புக்கு கொண்டு வர்ற ஒரு மனுஷன், சாரங்கன்னு ஒரு பையனை மட்டும் கவனிக்காம விட்டுருவாரு, கடைசியில அந்தப் பையன் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அன்பளிப்புன்னு எழுதித் தரச் சொல்லுவான். அந்தக் கதையை எங்க கூட்டத்துல வாசிச்ச அன்னைக்கு வாசிச்சவருக்கே குரல் அடைச்சுக்கிச்சு. ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரு சாரங்கன் உக்காந்திருப்பான், மூலையில.

பிடிக்கலன்னு சொல்ல வெக்கப்படக் கூடாது, ஆனா எந்தப் பக்கத்துல விட்டீங்கன்னு கட்டாயம் கேளுங்க. ஒருத்தர் ப. சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணி நாவலை முப்பதாவது பக்கத்துல விட்டேன்னாரு, அந்த இடத்துல இந்தோனேஷிய ஊர்ப் பேரும் சொல்லும் நிறைய வந்ததால திணறியிருக்காரு. ஒரு மேப்பை மொபைல்ல திறந்து மெடானையும் பினாங்கையும் காட்டினோம், அடுத்த மாசம் முடிச்சுட்டாரு. நம்ம ஆளுங்க அங்க எப்படிக் கடை வெச்சு வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்தாங்கன்னு அவரே ஒரு மணி நேரம் பேசினாரு.

பெரிய நாவல்னா மூணு மாசமாப் பிரிச்சுக்கங்க, இதுவரைக்கும்தான் பேசுவோம்னு ஒரு அத்தியாயத்துல கோடு போட்டுருங்க. எழுத்தாளரைக் கூப்பிடணும்னா நீங்க பேசி முடிச்ச மாசத்துக்கு அடுத்த மாசம் கூப்பிடுங்க, அவரு முன்னாடியே உக்காந்திருந்தா ஒருத்தரும் மனசுல இருக்கிறதைச் சொல்ல மாட்டாங்க.

அடுத்த புக்கை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னா, விருப்பப்பட்டவங்க ஆளுக்கு ஒரு புக்கோட வந்து ரெண்டு நிமிஷம் சொல்லணும், கை தூக்கி ஓட்டு. யாரோட புக்கு ஜெயிக்குதோ அவங்க அடுத்த நாலு மாசத்துக்குச் சொல்லக் கூடாது, இல்லன்னா ஒரே ஆளோட ருசியில எல்லாரும் மாட்டிக்குவோம். நூலகத்துல எத்தனை பிரதி இருக்குன்னு ஓட்டுக்கு முன்னாடியே பாத்துருங்க, நூத்தம்பது ரூபா எல்லார்கிட்டயும் எல்லா மாசமும் இருக்காது. கலையறதுக்கு முன்னாடி தேதியை முடிவு பண்ணி அங்கேயே குரூப்ல போட்டுருங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அது மூணு மாசம் ஆயிடும். செலவுன்னு பாத்தா எங்களுக்கு ஒரு பிளாஸ்க் டீயும் ஒரு பாக்கெட் கடலைமிட்டாயும்தான். இந்த மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை, அந்த செல்போன் கடை பையன் சொன்ன புக்கு, சாயங்காலம் அஞ்சு மணி, மழை வந்தா கீழே திண்ணையில.