சித்தப்பாவும் மாமாவும் ஒரே 'அங்கிள்' ஆகிவிடாமல்: கணினியில் குடும்ப மரம்

முதலில் ஒரு தாளில் வீட்டின் கடைக்குட்டி பெயரை எழுதி, அங்கிருந்து மேலே போங்கள். கொள்ளுத் தாத்தாவில் தொடங்கினால், தன் பெயர் வரும்வரை எந்தப் பிள்ளையும் காத்திருக்காது.

மென்பொருளுக்கு கிராம்ப்ஸ் நல்லது. இலவசம், விவரமெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். ஆனாலும் அடையாள அட்டை எண்களைப் பதியவே பதியாதீர்கள்.

பெயரில்தான் முதல் சிக்கல். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சும்மா போட்டால் அண்ணன், தம்பி, அவர்கள் பிள்ளைகள் எல்லாம் வெவ்வேறு குடும்பம்போல வரிசையாகும். அந்தப் பெயரின் வகையை 'பேட்ரோனிமிக்' (தந்தை வழிப் பெயர்) என்று குறியுங்கள். 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்) வேண்டாம். வீட்டில் கூப்பிடும் பெயரையும் சேருங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தது அதுதான்.

மாமன் மகளை மணந்தவர் இருக்கிறாரா? அந்தப் பெண் ஏற்கெனவே மரத்தில் இருப்பார். புதிதாகப் பதியாமல், இருப்பவரையே தேர்ந்தெடுத்து மனைவியாக இணையுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டாகி, உறவுக் கணக்கு குழம்பும்.

"பிரஜோத்பத்தி வருஷம், தை மாசம்" என்று பாட்டி சொன்னால் 1931 என்று போட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டு 1931 சித்திரையில் பிறந்தது; தை வருவது 1932 ஜனவரியில். உறுதியில்லாத ஆண்டுக்கு முன்னால் 'சுமார்' என்று குறிக்கவும் வசதி உண்டு.

இளையவர்களை இழுப்பது கட்டங்களல்ல, குரல். பதிவு செய்யும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியைப் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, ஒரு கேள்விக்கு ஒரு கோப்பு, இரண்டு மூன்று நிமிடம். "எப்ப சிங்கப்பூர் வந்தீங்க?" என்றால் ஒரு வருடம்தான் பதிலாகக் கிடைக்கும். "ரஜூலா கப்பல்ல என்ன சாப்பிட்டீங்க, தாத்தா?" என்றால் நாகப்பட்டினத் துறைமுகத்திலிருந்து கதை கிளம்பும். கோப்பை கிராம்ப்ஸில் அவருடைய பதிவிலேயே இணையுங்கள்.

பழைய படங்களை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பின்பக்க எழுத்தையும் எடுக்க மறக்காதீர்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், ஒட்டியபடியே எடுங்கள்.

விட்டுப்போன பெயர்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசைப் புரட்டலாம்.

மென்பொருள் சித்தப்பாவையும் மாமாவையும் 'அங்கிள்' என்றே காட்டும். ஆகவே ஒவ்வொருவர் குறிப்பிலும் கடைக்குட்டி அவரை அழைக்கும் முறையைத் தமிழில் எழுதிவிடுங்கள். தீபாவளிக்கு முன் வரைபடத்தை பிடிஎஃப் ஆக்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இவர் உனக்கு என்ன முறை?" என்று தினம் ஒரு படம் போடலாம்.

கடைசியில் நகல். குடும்ப மர மென்பொருள்களுக்கு இடையே விவரங்களை மாற்ற உதவும் கெட்காம் கோப்பில் படமும் குரலும் கூடவே வராது; ஊடகங்கள் சேர்ந்த கிராம்ப்ஸ் தொகுப்பாக எடுத்து, வேறொரு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.